ஸ்டீராய்டுக்குக் கேட்காத முடக்குவாதம்: மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு சிற்றூரில் இரண்டு கறவை மாடுகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான். பால் சொசைட்டியில் பதினாறு வருடங்கள், பாலின் தரத்தைக் காட்டும் டிகிரியைப் பார்த்து எழுதியிருக்கிறேன். விடிகாலை நான்கே முக்காலுக்கு எழுந்து கறந்தால்தான் ஆறு மணிக்குப் பாலை ஊற்ற முடியும். காம்பைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக மடக்கி இறக்க வேண்டும். மூட்டுகளை வீங்க வைத்து இறுக்கும் முடக்குவாதம் வந்த கை இந்த மடக்கலைத்தான் முதலில் மறக்கிறது. 2014 தை மாதம் ஒரு விடியலில் என் விரல்கள் காம்பைச் சுற்றி மூடவில்லை. மாடு திரும்பி என்னைப் பார்த்தது. மாமியார் வந்து, "எழுந்திரு அம்மிணி, நான் கறக்கிறேன்" என்று செம்பை வாங்கிக்கொண்டார்.

முதல் மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 10 மி.கி. எழுதினார். மூன்றாம் நாள் நானே கறந்தேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுக்கையில் கிடந்த முடக்குவாதப் பெண் ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த மருந்தின் பக்க விளைவுகளும் மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டன. எனக்குத் தெரிய மூன்று வருடங்கள் ஆயின.

10 கேட்காதபோது நானாக 15 ஆக்கினேன். 15 கேட்காதபோது 20. முகம் உருண்டது, சர்க்கரை ஏறியது, கையைச் சுவரில் லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. விரல்கள் மட்டும் பழையபடி மடங்க மறுத்தன. "மாத்திரை கேட்பதில்லை" என்று சொல்லிக்கொண்டு கோவையில் ஒரு மூட்டுவாத மருத்துவரிடம் போனேன். அவர் மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. "பாலின் டிகிரி பார்க்காமல் விலை போடுவீர்களா அம்மா?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான். மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நான் தருகிறேன்.

ஏன் கூட்டக்கூடாது

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் கரை தொட்டு ஓடும். ஆனால் என் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் கொப்பு வாய்க்காலின் மடை திறந்திருக்க வேண்டும். மடை அடைத்துக்கொண்டிருக்கும்போது அணையில் இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டால் என் மஞ்சள் காயும், மடை திறந்திருக்கிற மற்றவர் வயல் அழுகும்.

உடம்பிலும் இதே கதைதான். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் போய், வீக்கத்தை உண்டாக்கும் மரபணுக்களை அடக்குகின்றன. இந்த ஏற்பிதான் மடை. நீண்ட நாள் கனன்றுகொண்டிருக்கிற மூட்டில் இந்த மடை பல விதங்களில் கெட்டுப்போகலாம். ஏற்பிகளின் எண்ணிக்கை குறையலாம். ஸ்டீராய்டோடு சேராத பீட்டா என்ற வகை ஏற்பி பெருகி, வேலை செய்யும் ஏற்பியைத் தடுக்கலாம். மூட்டைச் சூடாக்கி வீங்க வைக்கும் அழற்சியே சில நொதிகளைத் தூண்டிவிட்டு, ஏற்பி கருவுக்குள் போகாதபடி அதை மாற்றிவிடலாம். சில வெள்ளணுக்களின் மேல்சவ்வில் இருக்கும் ஒரு புரதம், உள்ளே வந்த மருந்தை இறைப்பு மோட்டார் போல வெளியே தள்ளலாம்.

எலும்பிலும் கண்ணிலும் ஈரலிலும் மடைகள் திறந்தே இருக்கின்றன. அதனால்தான் நான் 20 மி.கி. விழுங்கியபோது விரலுக்கு எட்டாத மருந்து என் சர்க்கரையையும் தோலையும் எட்டியது. மூட்டு கேட்காத நாளிலும் மற்ற உறுப்புகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதை மறக்கவே மறக்காதீர்கள்.

பால் அட்டையின் பின்பக்கம்

முதல் வேலை, அளப்பது. "ரொம்ப வலிக்கிறது" என்பது மருத்துவருக்கு எந்த வகையிலும் பயன்படாது. நான் சொசைட்டியில் தந்த பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் தினம் ஒரு எண் எழுத ஆரம்பித்தேன். கண் விழித்த நேரத்திலிருந்து, விரல்கள் காம்பைச் சுற்றி முழுதாக மூடுகிற நேரம் வரை எத்தனை நிமிடங்கள்? கட்டுத்தரையில் ஒரு பழைய கடிகாரம் மாட்டினேன், அவ்வளவுதான் செலவு. முதல் வாரத்தில் என் எண்கள்: 95, 110, 90, 120, 105, 100, 95.

மாடு இல்லாதவர்கள் சீப்பைப் பிடிப்பதையோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதையோ, சட்டைப் பொத்தான் போடுவதையோ வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரே வேலையாக இருக்க வேண்டும். வெந்நீரில் கையை விடுகிறவர்கள் அதற்கு முன்பே நேரத்தைக் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

வாரம் ஒருமுறை வீங்கிய மூட்டுகளை எண்ணுங்கள். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என மருத்துவர்கள் 28 மூட்டுகளைப் பார்த்து நோயின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். நீங்கள் அவ்வளவு துல்லியமாகச் செய்ய வேண்டியதில்லை. எந்த மூட்டு வீங்கியது, எது வலிக்க மட்டும் செய்கிறது என்று பிரித்து எழுதினால் போதும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். பரிசோதனைகள் இரண்டும் எடுத்த தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். இ.எஸ்.ஆர். வயதானாலும் ரத்தசோகை இருந்தாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

வலிப்பது அழற்சிதானா?

நான்கு வாரக் குறிப்புகளோடு போனேன். மருத்துவர் என் கையை எடுத்து ஒவ்வொரு முட்டியாக அழுத்தினார். மணிக்கட்டு சூடாக, ஊறிய பஞ்சு போல மெத்தென்று இருந்தது. அது அழற்சி. பிறகு முழங்காலைத் தொட்டார். சூடில்லை, வீக்கமில்லை, மடக்கும்போது நறநறவென்றது. "இது தேய்மானம். இதற்கு எத்தனை மாத்திரை விழுங்கினாலும் தேய்ந்தது வளராது" என்றார். நான் மூன்று வருடங்களாக முழங்கால் வலிக்காகவும் பிரெட்னிசோலோனைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். முடக்குவாத வலி ஓய்வுக்குப் பின் அதிகம், வேலை செய்யச் செய்யத் தளரும். தேய்மான வலி வேலை செய்தால் ஏறும், உட்கார்ந்தால் தணியும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டில் கல் போலக் கெட்டியாகப் புடைத்திருந்தால் பெரும்பாலும் தேய்மானம். முடக்குவாதம் அந்தக் கடைசி மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். கையைக் குலுக்குவது போல நான்கு விரல் முட்டிகளையும் சேர்த்து மெதுவாகப் பிழிந்தால் உயிர் போகிறதா? மருத்துவரிடம் சொல்லுங்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வீங்கி, முடக்குவாதம் போலவே காட்டும். 2006இல் அந்தக் காய்ச்சல் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது படுத்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. காய்ச்சலுக்குப் பின் தொடங்கிய வலி என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

இங்கே மூன்று அபாயங்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, அசைக்க முடியாமல் போனால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் தெரியாமலும் போகும், ஆகவே காய்ச்சல் இல்லை என்று காத்திருக்காதீர்கள். இடுப்பு மடிப்பில், தொடை சேரும் இடத்தில் புதிதாக வலி வந்து நடை நொண்டினால், ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் ஆரம்பத்தில் தெரியும். குனிந்து எதையோ எடுக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்து விடவே இல்லை என்றால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் ஸ்டீராய்டைக் கூட்டுவது கேட்டின் மேல் கேடு.

மஞ்சப்பையோடு போங்கள்

அடுத்தது, வயிற்றுக்குள் உண்மையில் என்ன போகிறது என்று பார்ப்பது. வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், சர்க்கரை மாத்திரை முதல் சூரணம், லேகியம், தைலம் வரை, ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

என் பையில் காகிதத்தில் மடித்த செட் மாத்திரைகள் இருந்தன. வலி தாங்காத நாட்களில் ஒரு கடையில் வாங்கியவை. பெயர் இல்லை, அட்டை இல்லை. அதில் இருந்த ஒரு சிறிய மாத்திரை டெக்ஸாமெத்தசோன் 0.5 மி.கி. என்று பிறகு தெரிந்தது. 0.5 என்றால் அற்பமாகத் தெரிகிறது. ஆனால் 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். மூன்று வேளைக்கு 1.5 மி.கி. என்றால், தினம் 10 மி.கி. பிரெட்னிசோலோனை என் கணக்கில் எழுதாமல் கூடுதலாக விழுங்கியிருக்கிறேன். உங்கள் ஸ்டீராய்டின் பெயர் வேறாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: 5 மி.கி. பிரெட்னிசோலோனும் 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோனும் 6 மி.கி. டெஃப்ளசகார்ட்டும் 0.6 மி.கி. பீட்டாமெத்தசோனும் ஏறக்குறைய ஒரே பலம்.

இரண்டே நாளில் வீக்கத்தை வடித்துவிடுகிற பெயரில்லாச் சூரணத்தையும் சந்தேகியுங்கள். வேர்களும் பட்டைகளும் அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், ருசியானது. எங்கள் ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுங்கள். இரண்டையும் மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு மருத்துவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் தலை குனிந்தேன். "மெத்தோட்ரெக்சேட் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" முடக்குவாதத்தை அடியில் பிடித்து நிறுத்துகிற மருந்து அதுதான். ஸ்டீராய்டு, அது வேலை செய்யத் தொடங்கும் வரை தாங்குகிற முட்டுக்கொடுப்பு. எனக்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடையில் நின்ற ஒருவர், "இது கேன்சர் மாத்திரை ஆயிற்றே" என்றார். அன்றிலிருந்து வாங்கினேன், சாப்பிடவில்லை. மருத்துவர்கள் கேட்டபோதெல்லாம் சாப்பிடுவதாகச் சொன்னேன். புற்றுநோய்க்கு அது கொடுக்கப்படுவது உண்மை, ஆனால் அங்கே அளவு பல மடங்கு. முட்டுக்கொம்பை மட்டும் நட்டுவிட்டுச் சுவர் எழுப்பாமல் இருந்துகொண்டு, கூரை ஏன் நிற்கவில்லை என்று மூன்று வருடங்கள் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்து. நான் புதன்கிழமையை வைத்துக்கொண்டேன். உங்கள் ஊரில் வாரச் சந்தை எந்தக் கிழமையோ, கோயிலுக்கு எந்தக் கிழமையோ, உங்களுக்கு மறக்காத ஒரு நாளை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஃபோலிக் அமில மாத்திரை வேறு நாளில். ஈரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறவிடக்கூடாது. மது கூடாது. கருத்தரிக்க நினைக்கிற பெண்கள் இதை எடுக்கவே கூடாது, முன்கூட்டியே சொல்லி மாற்று வாங்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும்.

சில மருந்துகளுக்கும் ஸ்டீராய்டுக்கும் ஆகாது என்பதை என் அண்ணன் மனைவியிடம் பார்த்தேன். நங்கைக்கும் முடக்குவாதம், 7.5 மி.கி.யில் நன்றாக இருந்தார். ஒரு சித்திரையில் அவருக்கு மூட்டுகள் மறுபடி வீங்கின. அளவைக் கூட்டியும் அடங்கவில்லை. பேச்சோடு பேச்சாக, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்றார். கழுத்தில் நெறிகட்டிக் காசநோய் என்று கண்டுபிடித்து, ஒரு மாதமாக வேறொரு மருத்துவமனையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். மூட்டு மருத்துவரிடம் சொல்லவில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை அப்படி நிறமாக்கும். ஈரலில் உள்ள நொதிகளை முடுக்கிவிட்டு, பிரெட்னிசோலோனை வேலை செய்யும் முன்பே கரைத்தும் விடும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் மாத்திரைகளும் இதையே செய்யும். காசநோய் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டுகளையும் காட்டுங்கள், அவர்கள் அளவைச் சரிசெய்வார்கள். நங்கைக்கு அப்படித்தான் சரியானது. காசநோய் மருந்து முடிந்த பிறகு ஸ்டீராய்டைத் திரும்ப இறக்கவும் வேண்டியிருந்தது.

பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் சரியாகக் கேட்பதில்லை. நோயும் கடுமையாகிறது. வீட்டில் ஆண்களுக்கு முடக்குவாதம் என்றால் இதைத் தயங்காமல் பேசுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால்

மூன்று மாதங்கள் புதன் தவறாமல் மெத்தோட்ரெக்சேட் எடுத்தேன். செட் மாத்திரை நின்றது. பிரெட்னிசோலோனைக் காலையில் ஒரே வேளையாக, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தேன். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதும் விடியலில்தான் என்பதால் அந்த நேரம் பொருந்தும். இரவில் எடுத்தால் தூக்கம் கெடும். பால் அட்டையில் எண் 50க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. இரண்டு மணிக்கட்டுகளும் மெத்தென்றுதான் இருந்தன, சி.ஆர்.பி. எல்லைக்கு மேலேதான் நின்றது. இப்போதுதான் மருத்துவர், "உங்கள் மூட்டு ஸ்டீராய்டுக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் செய்தது என்ன? ஸ்டீராய்டைக் கூட்டவில்லை. மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்று இன்னும் இரண்டு அடிப்படை மருந்துகளையும் சேர்த்து எழுதினார். ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்குக் கண் பரிசோதனை முக்கியம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஸ்டீராய்டைக் கூட்டாமல் அடிப்படை மருந்தை எப்படி மாற்றலாம்?" மூன்று மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றாலோ, ஆறு மாதத்தில் நோய் அடங்கவில்லை என்றாலோ மருந்தை மாற்ற வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டுதல். அதன் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுத்து, முடிந்தவரை விரைவாக நிறுத்தச் சொல்கிறது. லெஃப்ளுனோமைடு மாத்திரை, அடாலிமுமாப் போன்ற, உயிருள்ள செல்களில் தயாரிக்கும் உயிரிய ஊசிகள், டோஃபாசிட்டினிப் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. ஊசிக்கும் டோஃபாசிட்டினிப்புக்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இறங்கும் வழி

கேட்கவில்லை என்ற கோபத்தில் ஒரே நாளில் நிறுத்துவது, கூட்டுவதைவிட ஆபத்து. சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் தன் வேலையை விட்டுவிட்டிருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் வரலாம். உடம்பின் அன்றாடச் சுரப்பு 5 முதல் 7.5 மி.கி. பிரெட்னிசோலோன் அளவுக்குச் சமம் என்பதால், அந்த இடத்துக்கு வந்தபின் இறங்குவதுதான் கடினம். என் மருத்துவர் அங்கிருந்து மாதம் 1 மி.கி. வீதம் இறக்கினார். ஒவ்வொரு இறக்கத்திலும் முதல் வாரம் உடம்பெல்லாம் வலித்தது, சோர்வாக இருந்தது. ஆனால் மணிக்கட்டு வீங்கவில்லை, எண்ணும் ஏறவில்லை. நோய் திரும்பியதா, மருந்து குறைந்த வலியா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பால் அட்டைதான் உதவியது.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து வந்தால் ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அளவைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று என் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும். கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கண்புரைப் பரிசோதனை, சர்க்கரை: இவற்றைத் தவணை வைத்துப் பாருங்கள்.

இப்போது நான் 2 மி.கி.யில் இருக்கிறேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது, முகம் பழைய முகமாகிவிட்டது. பொங்கலுக்குச் சந்தகை பிழிந்தேன், மாவு சூடாக இருக்கும்போதே பிழிய முடிந்தது. நேற்று விடியலில் பால் அட்டையின் பின்பக்கம் எழுதிய எண் 15. வரும் மாதம் 1 மி.கி. என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.